மலைக்கு அந்தப் பக்கத்து மழை

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தெருப்பக்கத்துச் சன்னலைத் திறந்தேன். வைகாசி தொடங்கி இத்தனை மாதமும் அதைத் திறந்தால் கடல் சேற்றின் வாடை உள்ளே வரும். அந்த வாடையில்தான் எனக்கு விடியும். இன்று வரவில்லை. திரைச்சீலை உள்ளே உப்பாமல் வெளியே போய் ஆடியது, தெருவில் நின்று யாரோ அதன் நுனியைப் பிடித்து இழுப்பதுபோல. பின்பக்கம் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தேன். ரப்பர்ப் பாலைத் தகடாக்கிப் புகைபோடும் வாடை முகத்தில் வந்து மோதியது. புக்கிட் பாரு பக்கத்துப் புகைக்கொட்டகையிலிருந்து வருவது. உனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "எவனோ பழைய செருப்ப வேகவைக்கிறான்" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய்.

காற்று திரும்பிவிட்டது, அக்கா.

கிணற்றடியில் நின்றிருந்தபோது பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார். உனக்குத் தெரிந்தவர்தான், இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது. பெயரும் பொட்டும் கோவிலும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். "அங்கின் சுடா தூக்கார், சிக்கு" என்றார். காற்று மாறிவிட்டது, டீச்சர். இனிமேல் துணி சீக்கிரம் காயும் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மலாக்காவில், நம் காஜா பேராங்கில் இந்தக் காற்றுக்கு அவ்வளவுதான் பொருள். சாயங்கால இடிமழை இன்னும் சில வாரம் வரும். பிறகு குறையும். பிறகு துணி காயும், வற்றல் காயும், கிணறு இறங்கும்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இதே காற்று இப்போது மலைக்கு அந்தப் பக்கம் கிளந்தானில், கோலக்கிராயில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். நீ இருந்த ஊர். இப்போது உன் மகள் இருக்கும் ஊர்.

நீ கல்யாணமாகிப் போன புதிதில் அந்த ஊர் மழையைப் பற்றி எழுதாத கடிதம் இல்லை. அரிசி பூத்துப்போகிறது, தலையணை ஈரமாக இருக்கிறது, அத்தானின் ரயில்வே சட்டை அடுப்புச் சூட்டில்தான் காய்கிறது என்று எழுதுவாய். அடுத்த தீபாவளிக்கு வந்தபோது அம்மா கேட்டாள், "அப்படி என்னடி மழை அங்க, நாங்க பாக்காத மழை?" நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "இங்க மழை விருந்தாளிம்மா. வந்தா ஒரு காப்பி குடிச்சிட்டுப் போயிடும். எங்க ஊர்ல மழை மாமியாரு. வந்தா தை முடியறவரைக்கும் நகரமாட்டா." மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்ட திமிர் என்று அம்மா உன் தலையில் குட்டினாள்.

அந்த ஊரை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில், ஆனி மாதம். ஆறு மணலுக்கு நடுவே ஒடுங்கிப் போய்க்கொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்றேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், வீட்டைத் தரையிலிருந்து உயரத் தூக்கி நிறுத்தியிருந்த தூணைக் காட்டினாய். என் தலைக்கு மேலே மரத்தில் ஒரு பழுப்புக் கறை கோடாக ஓடியது. "போன வருஷம் ஆறு வந்து நின்ன இடம்" என்றாய். "வீட்டுக்குள்ள வரல. கதவத் தட்டிட்டுப் போயிடுச்சு." நான் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த சேறு விரலில் ஒட்டியது.

அப்போதுதான் சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தேன். பூகோளம் படித்தவள். அந்தக் கறை ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வடக்கே, சீனாவுக்கும் அப்பால், பனிக்காலத்தில் நிலம் குளிர்ந்து காற்று கனத்துவிடும். கனத்த காற்று தெற்கே வழிந்து வரும். வரும் வழியில் தென்சீனக் கடல் முழுவதையும் தடவி நீரை எடுத்துக்கொள்ளும். கிளந்தான் கரையில் ஏறி, பின்னாலிருக்கும் மலைகளில் மோதி, மேலே எழும்பிக் குளிர்ந்து, சுமந்து வந்ததை அங்கேயே கொட்டிவிடும். மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதனிடம் ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கம் ஆறு வீட்டுக் கதவைத் தட்டும்போது இந்தப் பக்கம் வெயில் அடிக்கும். ஆடி மாதத்துக் காற்று எதிர்ப்பக்கமிருந்து வரும், அதன் மழையைச் சுமத்திராவின் மலைகள் எடுத்துக்கொள்ளும். நம் ஊர் இரண்டு பக்கமும் மலைகளின் மறைவில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஊர். காற்று இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தயங்கி நிற்கும் மாதங்களில்தான் நமக்கென்று நல்ல மழை உண்டு.

இதையெல்லாம் நான் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், அக்கா.

நீ பிள்ளை உண்டாகியிருந்தபோது கணக்குப் பார்த்தால் பிரசவம் தையில் என்று வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்போது அழைத்து வருவது என்பதுதான் பேச்சு. ஏழாம் மாதத்தில் வளையல் போடலாம் என்றிருந்தபோது அத்தானுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஒன்பதாம் மாதம் மார்கழியில் வந்தது. மார்கழியில் சூல்கொண்ட பெண்ணை வாசல் தாண்ட விடமாட்டார்கள். அப்பா பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, "தை பொறக்கட்டும். பொங்கல் முடிஞ்சதும் நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

நான் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, அந்தப் பக்கம் தையிலயும் மழை விடாது. கார்த்திகைக்குள்ள கூட்டிட்டு வந்துடலாம்."

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தையில மழையா? தை பொறந்தா எங்க ஊர்ல வயலே காஞ்சு அறுப்பு நடக்கும். மெட்ராஸ்ல உனக்கு என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் கப்பலேறியவர். மலாக்காவில் கணக்கப்பிள்ளையாகத் தலை நரைத்தவர். ஆனாலும் மாதங்கள் அவருக்கு அந்த ஊர் வானத்தோடுதான் வந்தன. ஐப்பசி கார்த்திகை என்றால் மழை, மார்கழி என்றால் பனி, தை என்றால் வெயில். அங்கே அது சரிதான். அதே வடகிழக்குக் காற்றுதான் அங்கேயும் மழை தருகிறது. வங்காள விரிகுடாவில் நீரை எடுத்துக்கொண்டு வந்து சோழநாட்டுக் கரையில் ஐப்பசியில் கொட்டுகிறது, மார்கழிக்குள் ஓய்ந்துவிடுகிறது. கிளந்தானில் அது பிந்தி வந்து தை வரைக்கும் நிற்கிறது. நம் கையிலிருந்த பஞ்சாங்கம் அந்த ஊர் வானத்துக்கு எழுதியது. கடல் தாண்டி வந்தும் அந்தத் தையையே நம்பினோம். போதாததற்கு மலாக்காவின் தையும் வெயிலாகவே இருந்து அப்பாவுக்குச் சாட்சி சொல்லியது. இரண்டு ஊர்களில் தை பொய்க்காதபோது மூன்றாவது ஊரில் பொய்க்கும் என்று ஒரு மனிதர் எப்படி நம்புவார்?

நீயும் அப்படித்தான் எழுதினாய். தை வரட்டும், இங்கே அவருக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டு வருகிறேன், அம்மாவைச் சுண்டைக்காய் வற்றல் போட்டு வைக்கச் சொல், பத்தியத்துக்கு வேண்டும்.

அம்மா போட்டாள். அந்த ஆண்டு மார்கழி முழுக்க நல்ல வெயில். முறம் முறமாகச் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கிணற்றடித் திட்டில் காய்ந்தன. "பாரு, என் மகளுக்காகத்தான் வானம் இப்படி வெளுத்திருக்கு" என்று அம்மா சொல்லிக்கொண்டே துழாவிவிடுவாள். வானம் எவ்வளவுக்கெவ்வளவு வெளுத்ததோ அவ்வளவுக்கவ்வளவு எனக்குப் பயமாக இருந்தது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அப்பாவும் நானும் கிளம்பினோம். தம்பின் வரைக்கும் போய், அங்கிருந்து கிம்மாஸ். கிம்மாஸில்தான் கிளந்தான் வண்டிக்கு மாற வேண்டும். நிலையத்தில் இருந்த நம் ஆள் ஒருவர் அப்பாவைத் தனியாக அழைத்தார்.

"லிப்பிசத் தாண்டி லைன் தண்ணிக்குள்ள இருக்கு சார். வண்டி போவாது."

"இங்க மழையே இல்லியேப்பா" என்றார் அப்பா.

"இங்க இல்ல சார். அங்க."

அப்பா நிமிர்ந்து மேலே பார்த்தார். ஒரு மேகம் இல்லை. மேடையின் தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. தந்தி கொடுக்கலாமா என்று கேட்டார். கம்பியும் செத்துவிட்டது என்றார்கள். உனக்காக அம்மா கட்டிக் கொடுத்திருந்த எலுமிச்சம்பழச் சோற்றை நாங்கள் அந்த மேடையில் உட்கார்ந்து தின்றோம். சில நாள் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையிலும் மாலையிலும் நிலையத்துக்குப் போய்க் கேட்டோம். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்திருந்தோம். அப்பா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அது வெயிலில் மின்னிக்கொண்டு நேராக அந்தப் பக்கம் போயிற்று. நடந்தே போய்விடலாம் போலத்தான் இருந்தது.

கடைசியில் திரும்பி வந்தோம். கம்பிக்கு உயிர் வந்ததும் வந்த முதல் தந்தியில் பெண் குழந்தை என்று இருந்தது. நீ இல்லை என்றும் இருந்தது.

தண்டவாளம் சரியான பிறகு அத்தான் குழந்தையைக் கொண்டுவந்தார். மாசி மாதம். அவர் பேசுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. வீட்டுப் படிவரைக்கும் தண்ணீர் நின்றது, மலாய்க்கார மருத்துவச்சி சம்பான் படகில் வந்து படியிலேயே அதைக் கட்டிவிட்டு ஏறினார், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பிறகு உனக்கு உதிரம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை ஆற்றுக்குள் இருந்தது. அந்த இழுப்பில் உன்னைச் சம்பானில் ஏற்ற யாருக்கும் துணிவில்லை. மருத்துவச்சி உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாராம்.

கடைசியில் என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டாள். அத்தான் தயங்கினார். எங்களையே கேட்டுக்கொண்டிருந்தாய் என்றார். பிறகு நீயே சமாதானமும் சொல்லிக்கொண்டாயாம். "அங்கயும் இப்படித்தான் ஊத்துது போல. அதான் அப்பா வரல. பாவம், தங்கச்சி வேற கூட வந்திருப்பா. நனைஞ்சிருப்பா."

நாங்கள் நனையவில்லை, அக்கா.

அந்த வாரம் மலாக்காவில் ஒரு தூறல்கூட இல்லை. அம்மாவின் வற்றல் அவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தது. டப்பாவில் போட்டபோது கூழாங்கல் மாதிரி சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது பாதி உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் அந்த ரயில்பாதையைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு அத்தானையும் கொண்டுபோனார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் தண்டவாளம் திரும்பப் போடப்பட்டது. அவர் திரும்பவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். உன் மகள் கௌரியும் நானும் இந்த வீட்டில் மிஞ்சினோம். கல்யாணம் என்ற பேச்சு எனக்கு வந்தபோதெல்லாம் இவளை யார் பார்த்துக்கொள்வது என்பதும் கூடவே வந்தது. பிறகு பேச்சும் வரவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளியில் அந்தப் பாடம் வரும். கரும்பலகையில் மலாயாவை வரைவேன். நடுவில் மலைகளை வரைவேன். வலப்பக்கம் கடலிலிருந்து ஓர் அம்பு. பிள்ளைகள் கிளந்தானுக்கு நீலமும் மலாக்காவுக்கு மஞ்சளும் தீட்டுவார்கள். சுதந்திரம் வந்த பிறகு பாடப்புத்தகத்தின் அட்டை மாறியது, உள்ளே நாட்டின் பெயருக்கு முன்னால் புதிய சொற்கள் வந்தன. அந்தப் படம் மாறவில்லை. இந்த ஆண்டு ஒரு பெண் எழுந்து, "மிஸ், அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த காத்து, கொஞ்சம் மலையும் ஏறி இந்தப் பக்கம் வந்தா என்ன?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஏறும், ஆனால் வெறுங்கையோடு வரும் என்றேன். அவள் நீலக் கலரைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நீ அந்த நீலத்துக்குள் இருக்கிறாய் என்பது அவளுக்குத் தெரியாது.

கௌரிக்குப் போன ஆண்டு கல்யாணம் செய்து வைத்தேன். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் டிரெசர், டாக்டருக்கு உதவியாக ஊசியும் மருந்தும் போடுபவன். நல்ல பையன், வாய் ஓயாமல் வேடிக்கை பேசுவான், அவளை வெயிலில் நடக்கவிடமாட்டான். அவன் அம்மா இங்கேதான், புக்கிட் பாருவில். அருகிலேயே இருப்பாள் என்றுதான் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அவனுக்கு மாற்றல் வந்தது. எந்த ஊர் என்று கேட்டபோது அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

இப்போது அவள் சூல்கொண்டிருக்கிறாள். கணக்குப் பார்த்தால் தை.

தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மறுநாள் சம்பந்தியம்மா ஒரு தூக்கு நிறைய நெய்யுருண்டையோடு வந்தார். கௌரி கால் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில் பார்த்தால் நீதான். நான் எத்தனையோ நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கௌரி இங்கயே இருக்கட்டும்ங்க. இப்ப அந்தப் பக்கம் போனா தை முடியறவரைக்கும் வர முடியாது."

"வளையல் போடாம எப்படி டீச்சர்?" என்றார். அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டதில்லை, டீச்சர்தான். "எங்க வீட்டுல ஒம்பதாம் மாசம்தான் போடுவோம். ஒம்போது மார்கழியில வருது. மார்கழியில புள்ளத்தாச்சிய யாராச்சும் அனுப்புவாங்களா? தை பொறந்ததும் மொத நல்ல நாள்ல நானே போய், வளையலப் போட்டு, கையோட கூட்டிட்டு வந்து உங்க கிட்ட விட்டுடறேன்."

"தையில அங்க வெள்ளம்ங்க."

"தையில வெள்ளமா?" அவர் சிரித்துவிட்டார். "போன தையில எங்க வீட்டுக் கெணறே வத்திப்போச்சு. பக்கத்து வீட்டுல போய்த் தண்ணி எடுத்தேன்."

அப்பாவின் குரலை இத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்த அம்மாள் வாயில் கேட்டேன்.

மாப்பிள்ளை குறுக்கே வந்தான். "அம்மா, அத்த சொல்றது சரிதாம்மா. அங்க தண்ணி வரும். வந்தா என்ன, சம்பான் இருக்கு. பேஷண்டையே சம்பான்ல ஏத்தித்தான் கொண்டாறோம். ஆஸ்பத்திரி இருக்கு, நான் இருக்கேன். கவலப்படாதீங்க அத்த."

"ஆமா, இவரு பெரிய டாக்டரு" என்றார் அவன் அம்மா. "ஊசி போடறவன் ஊசியப் போடு. பொம்பளைங்க பேச்சுல வராத."

கௌரி சிரித்தாள். "சின்னம்மா, பிளேக்போர்டு இல்லாமயே பாடம் எடுக்கறீங்க. விட்டா இப்பச் சுவத்துல அம்பு போட்டுடுவாங்க, பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சம்பந்தியம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அவ அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் இவ்வளவு தூரம் நல்ல நாள் பாக்கறேன். ஏதோ ஒரு நாள்ல அனுப்பி, ஏதாச்சும் ஒண்ணுன்னா ஊரு என்னச் சொல்லும்." பிறகு இன்னும் மெல்ல, "வளையல் அடுக்க மொதக் கை யாரோடது, சொல்லுங்க. நீங்க போட முடியாது. பத்தியம் பாக்கறதுக்குப் பெத்து வளத்தவ ஒருத்தி வீட்டுல வேணும். நீங்க ஸ்கூலுக்குப் போயிடுவீங்க. கன்னி வீட்டுல பிரசவம் வெக்கறதே எங்க பக்கம் வழக்கம் இல்ல. ஆனாலும் உங்க மனசுக்காகத்தான் சரின்னு சொல்லியிருக்கேன்."

அவர் கெட்டவர் இல்லை. கௌரி மேல் உயிராக இருக்கிறார், அது எனக்குத் தெரியும். உன்னைக் கொண்டுபோன அதே தையை, உனக்கு நேர்ந்தது இவளுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கிறார். அவருக்கு நான் என்ன சொல்வது? காற்று, கடல், மலை. இந்த வீட்டுக் கூடத்தில் அவை எடுபடவில்லை. நான் பெறாதவள் என்ற ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

நீ கடைசியாகச் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அதைக் கௌரியிடம் நான் இதுவரை சொன்னதில்லை. வயிற்றில் பிள்ளையோடு சிரித்துக்கொண்டிருக்கிறவளிடம் அதை எப்படி எடுத்து வைப்பது? வாய்வரைக்கும் வந்தது. நெய்யுருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பஸ் ஏறும்போது கௌரி சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பொங்கல் முடிஞ்சதும் வந்துடுவேன் சின்னம்மா. வற்றல் போட்டு வைங்க, பத்தியத்துக்கு." அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பஸ் திரும்பும்வரை கை காட்டினேன். என் கைக்கு அது ஒன்றுதான் செய்யத் தெரிந்தது.

அன்றிலிருந்து காலையில் முதல் வேலையாகச் சன்னலைத்தான் திறக்கிறேன். சேற்று வாடை வந்த ஒவ்வொரு நாளும் இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். கடல் காற்று இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டுகூடப் பார்த்தேன். பூகோள டீச்சர் காற்றை வேண்டிக்கொண்டு நின்றதை என் மாணவிகள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

இன்று அது போய்விட்டது.

இந்தக் காற்றை எனக்கு வரையத் தெரியும். எங்கே கிளம்பும், எங்கே கனக்கும், எந்த மலையில் உடையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் தெரிதல் உனக்கு உதவவில்லை. அப்பாவைக் கிளப்பவில்லை. சம்பந்தியம்மாவை அசைக்கவில்லை. நான் நிறுத்தச் சொன்னால் மழை நிற்காது, வரச் சொன்னால் கௌரி வரமாட்டாள். காலையிலிருந்து கிணற்றடிக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பரணிலிருந்து அம்மாவின் வற்றல் டப்பாவை இறக்கினேன். ஆடியில் நான் காயப்போட்டது பாதி டப்பா இருக்கிறது. குலுக்கினால் அதே சத்தம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. அழைத்து வருவதற்குத்தான் வளையல் வேண்டும். நாள் வேண்டும், முதல் கை வேண்டும், மார்கழி இடிக்காமல் இருக்க வேண்டும். போவதற்கு ஒன்றும் வேண்டாம். தாய் வீடு எழுந்து மகள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் நான் பார்த்ததில்லை.

நான் போகிறேன், அக்கா. வரும் வாரமே, லிப்பிசுக்கு அப்பால் பாதை இன்னும் காய்ந்திருக்கும்போதே. பள்ளி மூடும்வரை காத்திருக்கமாட்டேன். திங்கட்கிழமை விடுப்புக் கேட்பேன். கிடைத்தாலும் போவேன், கிடைக்காவிட்டாலும் போவேன். பள்ளி திரும்பத் திறக்கும்போது நான் வகுப்பில் இருக்கப்போவதில்லை, அந்த அம்பை வேறு யாராவது வரையட்டும். பெண் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று புக்கிட் பாருவில் பேசுவார்கள். கௌரியே முதலில் முகம் சுளிப்பாள். ஒரு வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று நினைத்துக்கொள்வாள். வெள்ளம் வரும்வரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வந்த பிறகு என்னை அவர்களால் அனுப்ப முடியாது.

அங்கே போய் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு மருத்துவம் தெரியாது. படகு தள்ளத் தெரியாது. ஒருவேளை எல்லாம் நல்லபடியாக முடிந்து, சுடுதண்ணீர் வைப்பதோடு என் வேலை தீர்ந்துவிடலாம். ஒருவேளை அந்த மருத்துவச்சி உனக்குச் செய்ததுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரலாம். அதையும் உனக்கு வேறு யாரோ செய்தார்கள்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம்கூடச் சொல்லவில்லை, சாவியைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டும். அவர் இப்போதே முறத்தில் எதையோ பரப்பிக் கிணற்றடித் திட்டில் வைத்துவிட்டார். வானம் வெளுத்துக்கொண்டு வருகிறது.

வற்றல் டப்பாவைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். அங்கே தலையணைகூட ஈரமாகும் என்று நீ எழுதியிருந்தாய். இருக்கட்டும். அந்தப் பக்கத்து மழையில் நான் இதுவரை ஒருமுறைகூட நனைந்ததில்லை. நனைந்திருப்பேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். இந்தத் தையில் நனைவேன்.